கிளாட் கலனா, முழு எஸ்.எஸ். கலனா? தகைவு அரிப்பு விரிசலை வைத்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விரிசல் விழுந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அழுத்தக் கலனை மாற்ற வேண்டி வந்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அடுத்த வெசலை கிளாடில் போட்டுவிடலாம் சார், இந்தத் தொல்லை இருக்காது." அந்த யோசனை பாதி சரி. மீதிப் பாதியை யோசிக்காமல் ஆர்டர் போட்டால், காசும் போய் விரிசலும் மிச்சமாகும்.

முழு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கலன் என்றால் சுவர் முழுவதும் 304எல், 316எல் போன்ற ஒரே உலோகம். கிளாட் கலனில் பாரம் தாங்குவது கார்பன் ஸ்டீல் அல்லது லோ அலாய் ஸ்டீல். உள்பக்கம் மட்டும் வழக்கமாக 3 மி.மீ. அளவில் எஸ்.எஸ். படலம். அந்தப் படலத்தைத் தகட்டோடு சேர்த்து உருட்டியும் ஒட்டலாம், வெடிமருந்தின் விசையாலும் ஒட்டலாம், வெல்டிங்கால் அடுக்கடுக்காகப் பூசியும் விடலாம் (இதுதான் வெல்ட் ஓவர்லே). இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், ஆபத்து சுவரின் எந்த முகத்தில் இருக்கிறது, எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டையும் சுற்றித்தான்.

படி 1: எது விரிசல் விட வைக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

தகைவு அரிப்பு விரிசலுக்கு மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும்: அதற்கு இடம் கொடுக்கும் உலோகம், இழுவிசை, அந்த உலோகத்துக்கு ஆகாத ஒரு ரசாயனச் சூழல். ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. 304, 316 வகைகளுக்கு முதல் எதிரி குளோரைடு. சூடான காஸ்டிக் சோடாவும் இவற்றை விரிசல் விட வைக்கும். சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் நேரத்தில் உருவாகும் பாலிதயானிக் அமிலம் தனி ரகம்.

குளோரைடைப் பொறுத்தவரை, ஆய்வக அறிக்கையில் வரும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீரில் 20 பி.பி.எம். தான் இருக்கிறது என்றாலும், அது சூடான சுவரில் தெறித்துக் காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்தால், அந்த இடத்தில் உப்பு பல மடங்கு செறிந்துவிடும். திரவ மட்டம் ஏறி இறங்கும் கோடு, கேஸ்கட்டின் அடியில் உள்ள இடுக்கு, ஓட்டமில்லாத நாசில் (கலனில் குழாய் சேரும் வாய்), நீராவி ஜாக்கெட்டின் மேல் மூலை ஆகிய இடங்களை டிராயிங்கில் வட்டமிட்டு வையுங்கள். ஆய்வுக்குப் போகும்போதும் அங்கேயே முதலில் போக வேண்டும்.

"60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பயமில்லை" என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். வடிவமைப்புக்கு அது நல்ல வழிகாட்டி, ஆனால் சட்டம் அல்ல. 1985-ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றின் கான்கிரீட் உள்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள், நீச்சல் குளத்துக் காற்றில் இருந்த குளோரின் சேர்மங்களால் சாதாரண அறை வெப்பத்திலேயே இந்த விரிசலுக்கு ஆளாகியிருந்தன.

படி 2: இழுவிசை எங்கே தங்கியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

முழு எஸ்.எஸ். கலனில் கணக்கு எளிது. உள் அழுத்தத்தால் வரும் இழுவிசை ஒன்று. வெல்டிங் முடிந்து குளிர்ந்தபோது உள்ளேயே தங்கிவிட்ட எஞ்சிய இழுவிசை இன்னொன்று. இரண்டாவது, வெல்ட் அருகே உலோகத்தின் விட்டுக்கொடுக்கும் வலிமை (அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) அளவுக்கே இருக்கும். கார்பன் ஸ்டீல் கலனை உலையில் வைத்து இதைத் தணிப்போம். 304எல், 316எல் கலனுக்கு அதை வழக்கமாகச் செய்வதில்லை. முழுமையாக நீக்க 1,040 டிகிரிக்கு மேல் சூடாக்கி வேகமாகக் குளிர்விக்க வேண்டும், கட்டி முடித்த பெரிய வெசலில் அது நடக்கிற காரியமா? ஆக, முழு எஸ்.எஸ். சுவரில் உள்முகத்திலிருந்து வெளிமுகம் வரை விரிசலுக்கு வழிநெடுக இழுவிசை காத்திருக்கும்.

கிளாடில் கதை வேறு. கார்பன் ஸ்டீல் ஒரு டிகிரி சூடானால் மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும், ஆஸ்டெனிடிக் எஸ்.எஸ். (304, 316 போன்ற வகைகள்) சுமார் 17 மைக்ரான். வித்தியாசம் 5. கலனை வெல்ட் செய்தபின் 600 டிகிரி அளவில் உலையில் வைத்து எடுக்கிறோம். அங்கே இரண்டு உலோகமும் ஓரளவு தளர்ந்து சமாதானமாக இருக்கும். குளிரும்போது எஸ்.எஸ். படலம் அதிகம் சுருங்கப் பார்க்கும். தடித்த கார்பன் ஸ்டீல் விடாது. இரு திசையிலும் கட்டிப் பிடிக்கப்பட்ட படலத்தில் ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஏறத்தாழ 140 மெகாபாஸ்கல் இழுவிசை சேரும். 304எல்-இன் குறைந்தபட்ச விட்டுக்கொடுக்கும் வலிமையே 170 தான். அதனால் கலன் அறை வெப்பத்துக்கு வருவதற்கு வெகு முன்பே படலம் நீண்டு கொடுத்து, தன்னால் தாங்க முடிந்த முழு இழுவிசையோடு நிற்கும். "உலையில் வைத்து எடுத்தோம், கிளாடில் தகைவு இல்லை" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கலன் இயங்கும்போது சூடாகிறது, படலம் விரிகிறது, இழுவிசை தளர்கிறது. 250 டிகிரியில் ஓடும் கலன் என்றால், கணக்குப்படி 300 மெகாபாஸ்கல் அளவு இழுவிசையைத் தளர்த்தக்கூடிய விரிவு அது; படலத்தில் இருந்த எஞ்சிய இழுவிசை ஏறத்தாழ முழுவதும் போய்விடும். மிஞ்சுவது அழுத்தத்தால் வருவது மட்டும். கிளாடின் உண்மையான லாபம் இங்கேதான். ஆனால் 80 டிகிரியில் ஓடும் கலனில் 70 மெகாபாஸ்கல் தான் குறையும். குளோரைடு விரிசலுக்கு மிகவும் பிடித்த 60 முதல் 120 டிகிரி எல்லையில் கிளாட் படலம் இன்னும் நன்றாகவே இழுபட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சூடான கலனை நிறுத்தும்போது படலத்தில் இழுவிசை உச்சத்துக்கு வரும். நீராவி தண்ணீராகப் படிவதும், காற்று உள்ளே வருவதும் சரியாக அதே நேரத்தில்தான். சூடான கிளாட் கலனுக்கு ஓட்டத்தைவிட ஷட்டவுன்தான் ஆபத்தான காலம்.

படி 3: விரிசல் விழுந்துவிட்டால் அது எங்கே போகும்?

முழு எஸ்.எஸ். சுவரில் குளோரைடு விரிசல் மரத்தின் வேர் போலக் கிளைத்துக் கிளைத்துச் சென்று, ஒரு நாள் வெளிமுகத்தில் கசிவாக எட்டிப் பார்க்கும். ஆஸ்டெனிடிக் எஃகு நல்ல உறுதியுள்ளது என்பதால் பெரும்பாலும் உடைவதற்கு முன் கசிந்து சொல்லிவிடும். உள்ளே இருப்பது நச்சு வாயு என்றால் அந்தக் கசிவே விபத்துதான், அது வேறு விஷயம்.

கிளாடில் அதே விரிசல் 3 மி.மீ. போனதும் கார்பன் ஸ்டீலைச் சந்திக்கிறது. குளோரைடு கார்பன் ஸ்டீலை இப்படி விரிசல் விட வைக்காது. அங்கே சாதாரண அரிப்பாக மாறிவிடும். விரிசல் நின்றது, நல்லது. ஆனால் மேலே அகலமான எஸ்.எஸ். பரப்பு, கீழே ஊசி முனை அளவு கார்பன் ஸ்டீல் என்ற அமைப்பில் கார்பன் ஸ்டீல் வேகமாகக் கரையும். படலத்துக்குப் பின்னால் குழி அகன்றுகொண்டே போகும், உள்ளிருந்து பார்த்தால் மெல்லிய கோடு மட்டும் தெரியும். முழு எஸ்.எஸ். கலன் கசிந்து காட்டிக்கொடுப்பதை கிளாட் கலன் மறைத்து வைக்கும். அதனால் கிளாட் வாங்குபவர் ஆய்வுச் செலவையும் சேர்த்து வாங்குகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் திரவம் கார்பன் ஸ்டீலுக்கும் ஆகாததாக இருந்தால், அதாவது சூடான காஸ்டிக், நைட்ரேட், அமைன், ஈரமான ஹைட்ரஜன் சல்பைடு என்றால், "கார்பன் ஸ்டீலில் விரிசல் நின்றுவிடும்" என்ற நம்பிக்கை செல்லாது.

படி 4: வெளிமுகத்தைப் பாருங்கள்

இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே சுத்தமான மினரல் நீக்கிய தண்ணீரே ஓடினாலும், வெளியே இன்சுலேஷனுக்குள் மழைநீரும் கடல் காற்றின் உப்பும் இறங்கினால் முழு எஸ்.எஸ். கலன் வெளியிலிருந்து விரிசல் விடும். சுவர் சுமார் 60 முதல் 175 டிகிரிக்குள் இருந்தால் இந்த ஆபத்து உண்டு. சென்னை மணலி, எண்ணூர், கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வைக்கப்போகும் கலனுக்கு இது பெரிய விஷயம். கிளாட் கலனின் வெளிமுகம் கார்பன் ஸ்டீல் என்பதால் குளோரைடு விரிசல் பயம் இல்லை. இன்சுலேஷனுக்கு அடியில் துருப்பிடிக்கும்தான், ஆனால் அதைத் தடிமன் அளந்து கண்டுபிடிக்கலாம், விரிசல் போல ஒளிந்துகொள்ளாது.

அதற்காக "வெளியே கார்பன் ஸ்டீல், கவலை இல்லை" என்று இருந்துவிட முடியாது. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் இருந்த நைப்ரோ ஆலையில் சைக்ளோஹெக்சேனை ஆக்சிஜனேற்றம் செய்ய ஆறு ரியாக்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அரை அங்குல மைல்ட் ஸ்டீல் சுவர், உள்ளே எட்டில் ஒரு அங்குல எஸ்.எஸ். படலம், ஓடியது சுமார் 155 டிகிரியில். 1974 மார்ச் மாதக் கடைசியில் ஐந்தாவது ரியாக்டரிலிருந்து சைக்ளோஹெக்சேன் கசிந்தது. பார்த்தால் வெளி மைல்ட் ஸ்டீலில் செங்குத்தாக ஒரு விரிசல், மறுநாள் பார்க்கையில் சுமார் ஆறு அடி நீளம். காரணமாகக் கண்டது நைட்ரேட். கலக்கியின் சீல் அருகே வந்த கசிவை அடக்க, நைட்ரேட் கலந்த குளிர்விப்பு நீரை வெளியிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் சூடான சுவரில் ஆவியாகி நைட்ரேட் செறிந்து, மைல்ட் ஸ்டீலுக்குத் தகைவு அரிப்பு விரிசலைக் கொடுத்துவிட்டது. அந்த ரியாக்டரைக் கழற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிக 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். ஜூன் 1 அன்று அந்த இணைப்பு முறிந்து, வெளியேறிய ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். குழாயைப் பற்றி எல்லோரும் படிக்கிறோம்; கிளாட் கலனின் வெளிச் சுவரில் விழுந்த விரிசலில்தான் அந்தச் சங்கிலி தொடங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஆகவே கலனுக்கான உங்கள் குறிப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளியே என்ன தண்ணீர் படும், அதில் என்ன கலந்திருக்கிறது?

முழு எஸ்.எஸ். தான் என்று முடிவானால் வெளிமுகத்துக்குத் துத்தநாகம் இல்லாத பெயின்ட் அடியுங்கள், அல்லது இன்சுலேஷனுக்கு அடியில் அலுமினியத் தாள் சுற்றுங்கள். துத்தநாகம் ஏன் வேண்டாம் என்றால், தீ விபத்திலோ வெல்டிங்கிலோ அது உருகி எஸ்.எஸ்.ஸை நொடியில் விரிசல் விட வைக்கும். இன்சுலேஷன் பொருளும் எஸ்.எஸ்.க்கு உகந்த, குளோரைடு குறைந்த தரமாக இருக்கட்டும்.

படி 5: இப்போது தேர்ந்தெடுங்கள்

சுவர் தடிப்பு அதிகம், வெப்பம் 200 டிகிரிக்கு மேல், ஆபத்து உள்ளே என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளாட் அல்லது வெல்ட் ஓவர்லே. சுத்திகரிப்பு ஆலைகளின் ஹைட்ரோகிராக்கர் ரியாக்டர்கள் குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகில் 347 வகை எஸ்.எஸ். ஓவர்லே போட்டு வருவது இதனால்தான். அந்தத் தடிமனில் முழு எஸ்.எஸ். என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவர் 8, 10 மி.மீ. தான், வெப்பம் 60 முதல் 120 டிகிரி, உள்ளே குளோரைடு என்றால் 316எல் முழுதாகவும் வேண்டாம், கிளாடாகவும் வேண்டாம். உலோகத்தையே மாற்றுங்கள். நிக்கல் 8 முதல் 12 சதவீதம் உள்ள எஃகுதான் குளோரைடு விரிசலுக்கு மிகவும் இளைத்தது. நம்முடைய 304எல், 316எல் இரண்டும் ஏறத்தாழ அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. நிக்கல் 40 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் குறையும். 825, 625 அலாய்கள் அந்தப் பக்கம். நிக்கலே இல்லாத 410எஸ் போன்ற ஃபெரிடிக் வகைகளும் இந்த விரிசலுக்குப் பிடிகொடுக்காது, ஆனால் குழி அரிப்புக்குச் சுமார்தான். நடுவில் 2205 டூப்ளெக்ஸ் (ஆஸ்டெனிடிக், ஃபெரிடிக் இரண்டும் கலந்த எஸ்.எஸ்.): மெல்லிய சுவர் கலனுக்கு என் முதல் தேர்வு, முழுச் சுவராகவே. அதைத் தடித்த கார்பன் ஸ்டீலுக்கு உள்படலமாகப் போட நினைத்தால் மட்டும் நின்று யோசியுங்கள். அடித்தகட்டுக்கு உலை வெப்பம் தேவைப்பட்டால் 600 டிகிரியில் டூப்ளெக்ஸ் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

மிகக் குளிர்ந்த சேவை, மருந்துத் தொழிற்சாலையில் வெளியே கழுவிவிடும் கலன் போன்றவற்றுக்கு முழு எஸ்.எஸ். தான் பொருத்தம்.

கிளாடில் போகும்போது படலம் எந்த வகை என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. உலையில் வைக்கும் 600 டிகிரி, எஸ்.எஸ். துகள் எல்லைகளில் குரோமியம் கார்பைடு படியும் எல்லைக்குள் வருகிறது. சாதாரண 304, 316 என்றால் படலம் முழுவதும் கெட்டுப்போகும். கார்பன் குறைந்த எல் வகை, அல்லது 321, 347 என்று ஸ்பெசிஃபிகேஷனில் தெளிவாக எழுதுங்கள்.

படி 6: ஃபேப்ரிகேஷனில் நிற்க வேண்டிய இடங்கள்

தகடு வந்ததும் அல்ட்ராசோனிக்கில் ஒட்டு சரியா என்று முழுப் பரப்பும் பாருங்கள். எஸ்.ஏ.264 என்ற கிளாட் தகட்டுத் தரத்துக்கு ஒட்டின் வெட்டு வலிமை குறைந்தது 140 மெகாபாஸ்கல் வேண்டும். ஏ.எஸ்.எம்.இ.யின் (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின்) அழுத்தக் கலன் விதித்தொகுப்பான செக்‌ஷன் 8-இல் கிளாட் கலன்களுக்கென யு.சி.எல். என்ற பகுதி இருக்கிறது. ஒட்டிய படலத்தை வலிமைக் கணக்கில் சேர்க்க அது சில நிபந்தனைகளோடு அனுமதிக்கும். நான் சேர்க்க மாட்டேன். விரிசல் விழலாம் என்று பயந்து போடும் படலத்தை பாரம் தாங்கவும் நம்புவது சரியில்லை.

இணைப்பு வெல்டிங்கில் வரிசை முக்கியம். இரு பக்கமும் சில மி.மீ. படலத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, முதலில் கார்பன் ஸ்டீலை கார்பன் ஸ்டீல் ராடால் முடியுங்கள். அந்த ராட் எஸ்.எஸ். படலத்தைத் தொடவே கூடாது. தொட்டால் கலப்பில் மார்டென்சைட் என்ற கெட்டியான எஃகு அமைப்பு உருவாகி அங்கேயே விரிசல் விடும். அடுத்து 309எல் ராடால் ஒரு தடுப்பு அடுக்கு, 316எல் படலத்துக்கு 309எல்-மாலி. அப்புறம்தான் படலத்தின் வகைக்கு ஏற்ற மேல் அடுக்கு. ஒரே அடுக்கில் முடித்துவிடலாம் என்று கடைசி வாரத்தில் அழுத்தம் வரும். கீழிருந்து இரும்பு கலந்து மேல் முகத்தில் குரோமியம் குறைந்துவிடும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முடிந்ததும் காப்பர் சல்பேட் கரைசலைத் தடவிப் பாருங்கள். கார்பன் ஸ்டீல் எட்டிப் பார்க்கும் இடத்தில் செம்பு படிந்து சிவக்கும், எஸ்.எஸ். அப்படியே இருக்கும். எந்த ஷாப்பிலும் செய்யக்கூடிய சோதனை.

நாசில்களில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய நாசிலுக்கு ஓவர்லே போட்டுவிடுவார்கள். 2 அங்குல நாசிலுக்குள் டார்ச் போகாது என்று முழு எஸ்.எஸ். குழாயைச் செருகி வெல்ட் செய்வார்கள். அங்கே இரண்டு உலோகம் சந்திக்கும் மூட்டு, வெவ்வேறு விரிவு, எஞ்சிய இழுவிசை, போதாக்குறைக்கு ஓட்டமில்லாத திரவம், எல்லாம் ஒரே இடத்தில். கிளாட் கலனில் வாங்கிய பாதுகாப்பு அந்தச் சின்ன நாசிலில் இல்லை. வெளிமுக விரிசலும் அங்கே வரும். டிரே தாங்கும் வளையங்கள், உள் கிளிப்புகள் ஆகியவற்றின் ஓர வெல்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

படி 7: தண்ணீர் விடும்போதும் நிறுத்தும்போதும்

ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) தண்ணீரில் குளோரைடு 50 பி.பி.எம்.க்குள் இருக்கட்டும் என்பது பரவலான நடைமுறை. எண்ணைவிட முக்கியம், சோதனை முடிந்த அன்றே வடித்து, காற்று ஊதிக் காயவைப்பது. போர்வெல் தண்ணீரை நிரப்பிச் சோதித்துவிட்டு அடியில் ஒரு சாண் தேங்க விட்டு வெயிலில் போட்டு வைப்பதுபோல் கலனுக்குக் கெடுதல் வேறு இல்லை.

கந்தகம் ஓடும் கலனைத் திறப்பதாக இருந்தால், சுவரில் படிந்த சல்பைடு, ஈரமும் காற்றும் பட்டதும் பாலிதயானிக் அமிலமாகும். துகள் எல்லை கெட்ட எஸ்.எஸ். சில மணி நேரத்திலேயே விரிசல் விட்டுவிடும். திறப்பதற்கு முன் சுமார் 2 சதவீத சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலால் நனைத்து, அந்தப் படிவு மேலேயே இருக்கும்படி விடுவது வழக்கம். அல்லது காற்றே படாமல் நைட்ரஜனில் மூடி வைப்பது. கழுவிய பின் நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் செய்த வேலை வீண்.

படி 8: ஆய்வு

கிளாட் கலனில் உள்ளே டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கிக் காட்டும் சாயச் சோதனை), வெளியிலிருந்து அல்ட்ராசோனிக், இரண்டும் வேண்டும். முதலாவது விரிசல் வாயைக் காட்டும். இரண்டாவது படலம் உரிந்திருக்கிறதா, அதற்குப் பின்னால் கார்பன் ஸ்டீல் குழிந்திருக்கிறதா என்று காட்டும். துருக் கறை வழிந்த கோடு தெரிந்தால் அங்கே கட்டாயம் நில்லுங்கள்.

முழு எஸ்.எஸ். கலனில் வெளி இன்சுலேஷனைக் கழற்றாமல் ஆய்வு முடிந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டாம். நாசில் கழுத்து, தாங்கு வளையம், இன்சுலேஷனை மூடிய ஷீட் உடைந்து தண்ணீர் இறங்கிய இடம் ஆகியவற்றையாவது திறங்கள். சோதனைக்கு முன் பரப்பை முரட்டுத்தனமாக கிரைண்டரால் தேய்க்காதீர்கள். விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், டை உள்ளே இறங்காது. மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும்.

படி 9: ரிப்பேர்

விரிசலின் மேல் அப்படியே ஒரு வெல்டிங் பாஸ் ஓட்டிவிடுவது பலன் தராது. கிளைகள் அடியில் இருக்கும், வெல்டிங் சூட்டில் நீளும், புது வெல்டின் இழுவிசையும் சேரும். முழு எஸ்.எஸ். சுவரில் விரிசல் ஒரு பகுதியில் பரவியிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து வேறு தகடு வைப்பதே வழி. சூழல் மாறவில்லை என்றால் அந்தத் தகடும் அதே வழிக்குப் போகும்.

கிளாடில் விரிசல் விட்ட படலத்தை கார்பன் ஸ்டீல் தெரியும் வரை எடுங்கள். காப்பர் சல்பேட் தடவி எஸ்.எஸ். மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள், மீதித் தடிமனை அளங்கள். கலன் ஹைட்ரஜன் சேவையில் இருந்திருந்தால் முதலில் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். குழிந்த கார்பன் ஸ்டீலைக் கார்பன் ஸ்டீலாலேயே நிரப்பிவிட்டு, மேலே 309எல், அதற்கு மேல் பொருத்தமான மேல் அடுக்கு. அந்த மேல் அடுக்குக்குப் பழைய 316எல்-ஐயே மறுபடி வாங்குவதா, 625-க்கு மாறுவதா என்பதை ராட் ஆர்டர் போடுவதற்கு முன் பேசி முடியுங்கள். எடுத்த படலத் துண்டைக் குப்பையில் போடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்: விரிசல் துகள்களின் ஊடே போயிருந்தால் குளோரைடு, துகள் எல்லை வழியே போயிருந்தால் பாலிதயானிக் அமிலத்தின் பக்கம் சந்தேகம் திரும்பும். படி 1-இல் நீங்கள் எழுதி வைத்த காரணம் சரிதானா என்பது அந்தத் துண்டில் தெரிந்துவிடும்.